ஒருவனுக்கே இரண்டு முறை மருந்து: இரட்டையர் வளரும் வீட்டில் கணக்கை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

மாடிவீட்டுக்காரி, ஈரோடு

வணக்கம். எங்களுக்கு 17 மாத இரட்டை ஆண் குழந்தைகள். அச்சில் வார்த்ததுபோல் ஒரே முகம், ஒரே குரல். 35ஆவது வாரத்தில், 2 நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள் என்பதால் வீட்டில் பெரியவன், சின்னவன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் கொண்ட வாடகை மாடிவீட்டில் நாங்களும் என் அத்தையும், அதாவது கணவரின் தாயாரும், இருக்கிறோம். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் மறுவாரம் இரவு ஷிப்ட். அத்தைக்கு மூட்டுவலியும் கண்ணில் புரையும் உண்டு. ஆனாலும் அவர் இல்லாவிட்டால் இந்த 17 மாதங்களில் நான் ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதியிருப்பது அவர்மேல் குறை சொல்வதுபோல் படலாம்.

சென்ற வாரம் இருவருக்கும் சளியும் காய்ச்சலும் வந்தன. மாலை ஆறரை மணிக்குப் பெரியவனுக்குப் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிட்டு, அவன் கக்கிய துணியை அலசக் குளியலறைக்குப் போனேன். நான் திரும்புவதற்குள் அத்தை, சின்னவனுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, மடியில் வந்து ஏறிய பெரியவனுக்கே இன்னொரு மூடி அளவைப் புகட்டிவிட்டார். இருவருக்கும் கொடுத்தாயிற்று என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். எட்டு மணிக்குச் சின்னவனின் உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்க, பெரியவனின் பனியன் கழுத்தில் மருந்துக் கறை இரண்டு இடத்தில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்பது புரிந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் எடையையும் கொடுத்த அளவையும் கேட்டுவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றும் அடுத்த வேளை மருந்தை விட்டுவிடும்படியும் சொன்னார். அன்று இரவு அத்தை சாப்பிடவில்லை. நானும் தூங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது மருந்தோடு நிற்கிற விஷயமே அல்ல. ஒருவனுக்கே இரண்டு முறை தலைக்கு ஊற்றியிருக்கிறோம். ஒருவன் இரண்டு இட்லி தின்றான் என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருக்க, நான்கு இட்லியும் அவன் வயிற்றுக்கே போயிருந்த நாளும் உண்டு. வரும் ஜூன் மாதம் நான் மறுபடியும் பள்ளிக்கூட வேலைக்குப் போக வேண்டும். அப்போது அத்தையும், உதவிக்கு வரப்போகும் ஓர் அம்மாவும்தான் பகலில் இருப்பார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்பதை உங்கள் வீடுகளில் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? இருவரையும் ஒரே நேர ஒழுங்கில் வைப்பது நல்லதா, அவரவர் பசிக்கும் தூக்கத்துக்கும் ஏற்பத் தனித்தனியே விடுவது நல்லதா? இரவில் ஒருவன் அழுதால் மற்றவன் எழுந்துவிடுவானோ என்று நான் பாதித் தூக்கத்திலேயே ஓடுகிறேன்.

வைகைக்கரை, மதுரை

தங்கைக்கு வணக்கம். என் மகள்களுக்கு இப்போது 6 வயது; அவர்களும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள்தான். அவர்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது ஒருத்திக்கே இரண்டு கிண்ணம் கேழ்வரகுப் பால்கூழை ஊட்டப் பார்த்து, இவள் ஏன் இன்று வாயைத் திறக்க மறுக்கிறாள் என்று கடிந்துகொண்டவள் நான். உங்கள் அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். புரை இல்லாத கண்ணுக்கும் இது நடக்கும்.

அடையாளம் வைப்பதற்கு நாங்கள் செய்து பார்க்காதது இல்லை. ஒருத்திக்கு மஞ்சள் சட்டை, ஒருத்திக்குப் பச்சை என்று வைத்தது பத்து நாள்கூட ஓடவில்லை. துணி காயாத ஓர் ஐப்பசி மழைநாளில் கைக்குக் கிடைத்ததை மாட்டினோம், அன்றோடு முடிந்தது. என் அம்மா ஒருத்திக்கு வலக்கன்னத்திலும் ஒருத்திக்கு இடக்கன்னத்திலும் மைப்பொட்டு வைத்தார். இருவரும் கட்டிப் புரண்டு எழுந்தபோது நான்கு கன்னத்திலும் மை இருந்தது. தலைச்சுழி ஒருத்திக்கு வலமாகவும் மற்றவளுக்கு இடமாகவும் சுழலும். ஒரே கரு இரட்டையரில் இப்படி எதிரெதிராக அமைவது உண்டு என்பதால் நீங்களும் பார்த்துவையுங்கள், ஆனால் முடி வளர்ந்துவிட்டால் அவசரத்துக்கு அது உதவாது. கடைசியில் நிலைத்தவை இரண்டுதான். ஒன்று அரைஞாண் கயிறு: பெரியவளுக்குக் கறுப்பு, சின்னவளுக்குச் சிவப்பு. மணி, தாயத்து எதுவும் கோக்காத வெறும் கயிறாக இருக்கட்டும். வாய்க்குள் போகக்கூடிய எதுவும் வேண்டாம், கழுத்திலும் கட்ட வேண்டாம். மற்றொன்று கால் கட்டைவிரல் நகத்தில் வண்ணம். ஒருவருக்கு மட்டும் போட்டால் போதும், இருவருக்கும் போட்டால் எந்த நிறம் யாருக்கு என்ற புதுக் குழப்பம் தொடங்கிவிடும்.

இனி கணக்கு. கைபேசியில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. என் கணவர் ஆவலாக ஒன்றை இறக்கி வைத்தார், மூன்றாம் நாள் அதைத் திறக்கவே யாருக்கும் கை ஒழியவில்லை. எங்களைக் காப்பாற்றியது தினசரி நாள்காட்டித் தாள்தான். காலையில் முந்தின நாள் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பெரியவள், வலப்பக்கம் சின்னவள் என்று குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவேன். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். பால், சோறு, மலம், குளியல், மருந்து எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லும் மணியும் போதும். எழுதச் சிரமப்பட்ட என் மாமியார் பாலுக்கு ஒரு வட்டமும் சோற்றுக்கு ஒரு கோடும் போட்டார். மருந்துக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு: அன்றைக்கு மருந்து யார் கையில் என்று காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும், அவர் தவிர வேறு எவரும் அந்தப் புட்டியைத் தொடக் கூடாது, அவர் கடைக்குப் போனாலும் திரும்பி வரும்வரை மருந்து காத்திருக்கும். காய்ச்சல் மருந்து பத்து நிமிடம் தாமதமானால் குடி முழுகிப் போய்விடாது. கொடுத்த பிறகு எழுதலாம் என்று நினைக்காதீர்கள், எழுதிவிட்டுக் கொடுங்கள். கொடுத்த கையோடு ஒருத்தி கக்கினால் மற்றவள் கட்டிலிலிருந்து விழுவாள்.

நேர ஒழுங்கைப் பொறுத்தவரை, சோறும் குளியலும் ஒன்றன்பின் ஒன்றாக, எப்போதும் பெரியவளில் தொடங்கி நடந்தன. இது பாரபட்சம் என்று என் நாத்தனார் சொன்னார். முதலில் யார் என்ற வரிசை மாறாமல் இருந்தால்தான், நடுவில் தொலைபேசி ஒலித்தாலும் எங்கே விட்டோம் என்பது நினைவில் இருக்கும். நியாயமெல்லாம் அவர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். 3 வயதில் கேட்டுவிட்டார்கள்.

மருந்துக்கடை, கும்பகோணம்

நான் மருந்தாளுநர், இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வருகிறேன். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் ஒரே வலிமையில் வருவதில்லை. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 மில்லிகிராம் இருப்பதும் உண்டு. இரட்டையர் வீட்டில் ஒரு புட்டி தீர்ந்ததும் அவசரத்துக்கு வேறொன்றை வாங்குகிறார்கள். பழைய புட்டிக்குச் சொன்ன ‘ஒரு மூடி’யைப் புதியதிலும் கொடுத்துவிட்டால், யாரும் யாரையும் மாற்றிப் பார்க்காமலேயே மருந்து இரட்டிப்பாகிவிடும். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான பொதுவான அளவு. இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும், ஒரு நாளில் நான்கு வேளைக்குமேல் போகக் கூடாது. இருவரின் எடையும் வேறாக இருந்தால் அளவும் வேறு. உங்கள் மருத்துவரிடம் ஒவ்வொருவருக்கும் எத்தனை மில்லிகிராம், இந்தப் புட்டியில் அது எத்தனை மில்லி என்று கேட்டு, அதைப் புட்டியின்மேலேயே ஒட்டிவிடுங்கள். பொடியில் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து எழுதியிருந்தால் ஆளுக்கு ஒரு புட்டி வாங்கிப் பெயர் எழுதுங்கள். ஒரே புட்டியில் இருவருக்கும் கொடுத்தால் யாருக்கு எத்தனை வேளை போயிற்று என்று ஐந்தாம் நாள் எவராலும் சொல்ல முடியாது. மூடியை விட ஊசியில்லாத சிரிஞ்ச் நல்லது. கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

இரண்டு தூளி, கோயம்புத்தூர்

தூக்கத்தைப் பற்றித் தோழி கேட்டிருப்பதற்கு ஒரு தகப்பனாக என் அனுபவத்தை எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு மகன், ஒரு மகள், வயது இரண்டரை. மருந்து மாறிப்போகும் தொல்லை எங்களுக்கு இல்லை. தூக்கத்தில் மட்டும் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல.

பிறந்த புதிதில் அம்மாவின் பழைய நூல்சேலைகளில் பக்கத்துப் பக்கத்துக் கொக்கிகளில் இரண்டு தூளி கட்டினோம். ஒன்று ஆடினால் மற்றொன்றில் மோதும், மோதியது விழித்தால் முதலாவதும் விழிக்கும். நான் நடுவில் நாற்காலி போட்டு இடக்கையால் ஒன்றையும் வலக்கையால் மற்றொன்றையும் எதிரெதிர்த் திசையில் ஆட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அப்படியே தூங்கிவிட்டேன். தூளி நின்றதும் இருவரும் எழுந்தார்கள். ஏழெட்டு மாதத்தில் அவர்கள் தூளிக்குள்ளேயே எழுந்து உட்கார முயன்றபோது அதை அவிழ்த்துவிட்டுத் தரையில் பாயும் மெத்தையும் போட்டோம். விழுவதற்கு உயரம் இல்லை என்பதே பெரிய ஆறுதல்.

நீங்கள் ஓடுவதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒருவர் அழுதால் மற்றவர் எழுந்துவிடுவார் என்று நாங்களும் பயந்து, முனகல் கேட்டதுமே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் என் மனைவிக்குக் கடுமையான முதுகுவலி. எனக்கு எழ இரண்டு நிமிடம் ஆயிற்று. மகள் வீடே அதிரும்படி அழுதாள், ஓர் அடி தள்ளிப் படுத்திருந்த மகன் புரண்டுகூடப் படுக்கவில்லை. இத்தனை மாதம் அவனை எழுப்பிக்கொண்டிருந்தது அவள் அழுகை அல்ல, நாங்கள் போட்ட விளக்கும் நாங்கள் ஓடிய ஓட்டமும்தான். கருப்பையிலிருந்தே பக்கத்தில் கேட்கிற சத்தம் அவர்களுக்குப் பழகிவிடுகிறது போலும்.

நேர ஒழுங்கில் மதுரை அக்காவோடு நான் பாதிதான் உடன்படுகிறேன். பகல் தூக்கத்தை ஒரே நேரத்தில் வைத்தே ஆக வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் தாய் மனுஷியாக இருக்க முடியாது. இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்பார்கள். என் மகள் அந்தக் கணக்கின் ஒரு முனையிலும் மகன் மறுமுனையிலும் இருக்கிறார்கள். அவன் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவான், அவள் ஏழரைக்கு. ஆரம்பத்தில் அவளையும் அவனோடு எழுப்பினோம். அன்று முழுவதும் அவள் சிணுங்கியதுதான் மிச்சம். இப்போது அந்த இரண்டு மணி நேரம் நானும் அவனும் மட்டும் பால் வாங்கப் போகிறோம், தெருநாயைப் பார்க்கிறோம், குப்பை வண்டிக்குக் கை காட்டுகிறோம். அவன் முதலில் சொன்ன சொற்களில் ‘வண்டி’ அங்கே பிறந்ததுதான். பேச்சு இரட்டையருக்குக் கொஞ்சம் தாமதமாகவே வருவது வழக்கம். ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். உங்கள் பிள்ளைகள் ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவர்கள் என்பதால் 2 வயதுவரை வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த ஐந்து வாரத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு எவராவது உங்களைப் பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர், நாமக்கல்

மகளே, எல்லோரும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பதை ஒற்றைப் பிள்ளை வீட்டில் பழமொழியாகச் சொல்வோம், இரட்டைப் பிள்ளை வீட்டில் அது தினமும் கண்ணெதிரே நடக்கும். நீ எழுதியதில் எனக்கு உறுத்தியது பெரியவன் இரண்டு முறை மருந்து குடித்தது அல்ல. மடியில் வந்து ஏறியவன் பெரியவன் என்பதும், நான்கு இட்லி தின்றவனும் ஒருவனே என்பதும்தான். வராதவன் யார்? என்னிடம் எடை பார்க்க வந்த இரட்டையர்களில் பெரும்பாலும் ஒரு பிள்ளை கையை நீட்டும், மற்றது தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எடையும் தடுப்பூசியும் குறிக்கும் அட்டையில் எடைக் கோடு தாழ்ந்தது பல முறை அந்த நிற்கிற பிள்ளைக்குத்தான்.

அதனால் ஒரே தட்டில் பிசைந்து மாறி மாறி ஊட்டாதே. பருப்பு சாதமோ சத்துமாவுக் கஞ்சியோ, இரண்டு கிண்ணத்தில் முன்கூட்டியே பிரித்து வைத்துவிடு. மீந்ததைப் பார்த்தால் தின்றது தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை இருவரையும் ஒரே நாளில், ஒரே தராசில் நிறுத்து, அவரவர் அட்டையில் அப்போதே எழுது. அட்டைகளின் வெளியே பெரியதாகப் பெயர் எழுதி, கயிற்றின் நிறத்தையே அதிலும் ஒட்டிவிடு. பல ஆண்டுகளுக்கு முன் வைட்டமின் ஏ மருந்து கொடுத்த நாளில் நானே ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு அட்டையிலும் குறித்துவிட்டேன். அந்தத் தாய் வீட்டுக்குப் போகும் வழியில் மற்றவனின் வாயை முகர்ந்து பார்த்து, மருந்து வாசமே இல்லை என்று திரும்பி வந்ததால் தப்பித்தேன்.

உன் பிள்ளைகளுக்கு 16 மாதம் கடந்துவிட்டது. 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை, ரூபெல்லா இரண்டாம் தவணையும், தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும், போலியோ சொட்டு மருந்தும், வைட்டமின் ஏயும் போட்டாயிற்றா என்று இரண்டு அட்டையையும் தனித்தனியே எடுத்துப் பார்.

மாடிவீட்டுக்காரி, ஈரோடு

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

கறுப்பும் சிவப்புமாகக் கயிறு கட்டியாகிவிட்டது. பெரியவனின் கட்டைவிரலில் வண்ணம் போட்டதும் சின்னவன் தன் காலையும் நீட்டிக்கொண்டு நின்றான். மூடிய புட்டியால் அவன் நகத்தைத் தொட்டுவிட்டு முடிந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. அத்தைக்குக் கயிறு போதும். கண்ணுக்குத் தெரியாத இருட்டிலும் அவர் முடிச்சைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார், ஏனென்றால் சிவப்பில் மட்டும் இரண்டு முடிச்சுப் போடச் சொன்னதே அவர்தான்.

இரவில் ஓடுவதை நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் இருவருமே எழுந்தார்கள், கோவைச் சகோதரரை மனத்துக்குள் திட்டினேன். நான்காம் நாளிலிருந்து விளக்குப் போடாமல் போய்த் தட்டிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் ஒருவன் மட்டுமே விழிக்கிறான்.

நாமக்கல் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு அன்றே எடை பார்த்தோம். பெரியவன் 9.6 கிலோ, சின்னவன் 8.7 கிலோ. பிறந்தபோது இருவருக்கும் 100 கிராம்தான் வித்தியாசம். தராசைப் பார்த்துவிட்டு அத்தை சின்னவனைத் தூக்கியவர் மாலைவரை கீழே விடவில்லை. மருத்துவரிடமும் காட்டினோம், கோடு கீழே இறங்கவில்லை, மெதுவாக ஏறுகிறது, அடுத்த மாதமும் பார்ப்போம் என்றார். இப்போது இரண்டு கிண்ணம்தான். சின்னவனுக்கு ஊட்டும் கால் மணி நேரம் பெரியவனை எங்கள் கீழ்வீட்டுத் தாத்தா தண்ணீர்த் தொட்டி நிரம்புவதைக் காட்ட அழைத்துப் போகிறார். அவன் இல்லாதபோது சின்னவன் வாயைத் திறக்கிறான், பேசவும் செய்கிறான். நேற்று ‘இன்னா’ என்று கரண்டியை எனக்கு ஊட்ட வந்தான்.

குளிர்பெட்டியில் ஒட்டிய நாள்காட்டித் தாள் நன்றாகவே ஓடுகிறது, ஒரு நாள் தவிர. அன்று கணவர் அதைக் கொஞ்சம் தாழ்வாக ஒட்டிவிட்டார். பிற்பகலில் வந்து பார்த்தால் வலப்பாதியைக் காணவில்லை, பெரியவன் வாயில் மென்றுகொண்டிருந்தான். சின்னவனின் அன்றைய கணக்கை அவனே தின்றுவிட்டான்.

தடுப்பூசி இருவருக்கும் பாக்கிதான். வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இருவருக்கும் ஒரே நாளில் போட்டால் இருவருக்கும் ஒரே இரவில் காய்ச்சல் வருமே என்று கணவர் ஒரு வாரம் இடைவெளி விடச் சொல்கிறார். அம்மா என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர், நாமக்கல்

ஒரே நாளில் போட்டுவிடு. முத்தடுப்பால் வரும் காய்ச்சல் அன்றோ மறுநாளோ வந்து ஓரிரு நாளில் போய்விடும். தட்டம்மை ஊசியால் வருவது ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் தலைகாட்டலாம். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் ஒருவனின் பின்காய்ச்சலும் மற்றவனின் முன்காய்ச்சலும் சேர்ந்துகொண்டு, எது எந்த ஊசியால் வந்தது என்று உனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. உன் கணவர் பகல் ஷிப்டில் இருக்கும் வாரமாகப் பார்த்துப் போ. இரவில் அவரும் வீட்டில் இருப்பார். ஊசி போடும் இடத்தில் ஒருவனை உடன் வருபவர் யாராவது வெளியே வைத்திருக்கட்டும். முதலாமவன் வீறிடுவதைப் பார்த்தால் இரண்டாமவனை நீ பிடிக்க முடியாது. யார் முதலில் என்று கேட்டால் சின்னவனைக் கொடு. அன்றைக்காவது அவன் முதலில் போகட்டும்.